பிரிட்ஜ் மேல் வைத்த ஹார்ட் டிஸ்க்

தேவசகாயம் அண்ணன் கடைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் திரும்பி வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மழைக்கோட்டுப் பையிலிருந்து ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது செத்துப்போச்சு. உங்க அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது லா."

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தானா ராத்தாவில் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குப் பழைய வாடிக்கை. இந்த ரிப்பேர் மேசையிலேயே தலை நரைத்தவள் நான். அவருக்கு வேர்த்து நான் பார்த்ததே இல்லை. கேமரன் மலைக் குளிரில் ஒரு மனுஷனுக்கு வேர்க்கிறது என்றால் விஷயம் பெரிசு.

பெரிசுதான். அதில் அவருக்கும் அவர் மனைவி மெர்சி அக்காவுக்கும் நடந்த கல்யாணத்தின் வீடியோ இருந்தது. அக்காவின் அம்மா நடந்து, பேசி, சிரிக்கிற படம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் வீட்டில் கல்யாண நாள் விருந்து. பிள்ளைகள் ஈப்போவிலிருந்து வருகிறார்கள். டிவியில் போட்டுக் காட்டுவதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

"பழைய கேசட் இருக்குல்ல அண்ணே?"

அவர் குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் பூஞ்சணம் புடிச்சுக் கெடந்துச்சு. அதான் டிஸ்க்குல ஏத்தியாச்சேன்னு குப்பை லோரியில போட்டுட்டேன்."

"அட பாவி மனுஷா!" வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் தலை மறைந்து கொஞ்ச நேரம்தான், மெர்சி அக்கா வந்து நின்றார்.

"அவரு வந்தாரா? நேத்து பிரிட்ஜ் மேல இருந்து முறுக்கு டின்ன எடுத்தேன். அந்த டிஸ்க்கோட வயரு மாட்டிக்கிட்டு, அதுவும் சேந்து கீழ விழுந்துருச்சு. சத்தம் காட்டாம எடுத்து வச்சுட்டேன். காலையில பாத்தா காணோம். நான்தான் போட்டேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு தங்கச்சி!" சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "அதுல எங்கம்மா இருக்காங்க."

இருவரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாயிற்று. வேறு வழி?

இங்கே ஈரத்துக்குப் பயந்து எல்லாரும் கதகதப்பான இடம் தேடி வைப்பார்கள். பாதி வீடுகளில் பிரிட்ஜ் தலைதான் லாக்கர். பாஸ்போர்ட், உப்பு, முறுக்கு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அங்கேதான். உள்ளே தட்டு சுத்துகிற டிஸ்க்குக்கு அந்த உயரம் ஆகவே ஆகாது.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காதில் வைத்துக் கேட்டேன். உள்ளே டக் டக்கென்று அடித்தால் கதை முடிந்தது. அடிக்கவில்லை. ஒழுங்காகச் சுத்தியது, கம்ப்யூட்டர்தான் கண்டுகொள்ளவில்லை. பெட்டியைப் பிரித்தால், விழுந்த வேகத்தில் யூஎஸ்பி வாய் பாதி பிய்ந்து தொங்கியது. டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கேபிளில் மாட்டினேன். ஃபோல்டர்கள் வந்து நின்றன. முருகா, எனக்கு எழுந்து ஆடலாம் போல இருந்தது!

சேதி சொன்னதும் அண்ணன் ஓடி வந்தார். "சாகவே சாகாத பிராண்ட் ஒன்னு குடு தங்கச்சி."

"அது இன்னும் பொறக்கல அண்ணே."

"ஆன்லைன்ல பெரிய சைஸ் ஒன்னு, பாதிக்கும் பாதி வெலை போட்டிருக்கான்."

"அந்தப் பக்கமே போகாதீங்க. சைஸ் ஸ்டிக்கர்ல மட்டும்தான் இருக்கும். விழுற வீட்டுக்கு எஸ்எஸ்டி வாங்குங்க, உள்ள சுத்துறது ஒன்னும் கெடையாது. சுத்துறது மலிவு, அதுல ஒன்னு வாங்கி இன்னொரு காப்பி போட்டு மக வீட்டுல வைங்க. ரெண்டுக்கும் வாரண்டி பாத்து வாங்கணும்."

முகத்தைச் சுளித்தார். ஆனாலும் இரண்டையும் வாங்கினார்.

ஞாயிறு விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டிவியில் அந்த அம்மா வந்தார். வீடியோக்காரரை முழங்கையால் தள்ளிவிட்டு மணப்பெண் வாயில் லட்டைத் திணித்தார். வீடே சிரித்தது. மெர்சி அக்கா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண்ணில் தண்ணி.

அந்த மனநிலையில் அக்கா சொல்லிவிட்டார். "என்னங்க, அன்னைக்கு டிஸ்க்க கீழ போட்டது நான்தான்."

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! துரை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "போனா போகுது மெர்சி. கை தவறுறது மனுஷங்களுக்குச் சகஜந்தானே."

"சரி," என்றார் அக்கா, அவர் தட்டில் கோழி வைத்துக்கொண்டே. "கட்டிலுக்கு அடியில இருந்த கேசட்டெல்லாம் எங்க? அத எப்ப சொல்லப் போறீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப் பார்த்தேன்.

கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, எந்த ஹார்ட் டிஸ்க் நல்லது என்று யாராவது கேட்டால் இரண்டு வாங்கச் சொல்லுங்கள், இரண்டையும் வேறு வேறு வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். பழசைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் இரண்டையும் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே வீட்டுக்காரியையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.