பஞ்சாபியில் நடந்த கூட்டம்

பேரன் கனடாவுக்குப் படிக்கப் போகிறான் என்று ஸ்வெட்டர் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். சித்திரை வெயிலில் திருநெல்வேலியில் ஸ்வெட்டர் தேடுகிறவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். "யாருக்கு அண்ணாச்சி, ஒங்களுக்கா?" என்று கடைக்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கிப் பிரித்தான். கம்பளியும் சாயமும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "வெயிலு சேரலையோ? தண்ணி குடிக்கியளா?" என்று பதறினான். வெயில் என்ன செய்யும், பாவம். எனக்கு ஐம்பது வருடத்துக்கு முந்தைய மில் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மில் இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்து, வாத்தியார் வேலை கிடைக்கும் என்று போனவன் நான். என் இங்கிலீஷ் தங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது என்று அங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் பேசியது எனக்கும் புரியாததால் நான் வாதாடவில்லை. கடைசியில் கம்பளி பின்னும் மில்லில் நூல் சுற்றிய கோன்களைச் சுமக்கும் வேலைதான் கிடைத்தது. ராதாபுரம் பக்கம் ஆட்டுக்கிடை போட்ட காட்டில் மழை பெய்தால் ஒரு வாடை வருமே, அதோடு மெஷின் எண்ணெயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் உடம்பை விட்டுப் போகாது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். வாடைக்காகத்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு வேதக்கோயிலுக்குப் போனேன். ஆராதனை முடிந்து வாசலில் குருவானவர் என் கையைக் குலுக்கினார். "நீங்கள் வந்ததில் சந்தோஷம். அடுத்த வாரம் வரவேண்டாம், எங்கள் ஆட்களுக்குச் சங்கடமாக இருக்கும்" என்றார், மிக மரியாதையாக. எங்களுக்கு வேதம் கொண்டுவந்த தேசம் அது. அம்மாவுக்குப் போட்ட கடிதத்தில், பிரசங்கம் நன்றாக இருந்தது என்று மட்டும் எழுதினேன்.

மில்லில் போர்மேனுக்கு நாங்கள் எல்லாருமே ஜானி. குர்தேவ் என்ற பஞ்சாபிக்காரனும் ஜானி, நானும் ஜானி. எனக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. அவனுடைய அரைகுறை இங்கிலீஷும் என் பாளையங்கோட்டை இங்கிலீஷும் சேர்ந்ததுதான் எங்கள் சிநேகம். எந்த மொழி பேசினாலும் நம் ஊர்ப் பழக்கத்தில் முடிவில் ஒரு 'வே' போட்டுவிடுவேன், அதைக் கேட்டு என்னை வீட்டில் கூப்பிடும் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டான். கடைசிவரை நான் அவனுக்கு 'வே'தான்.

பின்னல் மெஷின் ஓட்டுகிற வேலை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். எழுதிவைத்த சட்டம் கிடையாது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். குர்தேவ் அந்த மெஷினின் ஒவ்வொரு ஊசியையும் அறிந்தவன். அவனிடம் வேலை பழகிய வெள்ளைக்காரப் பையன்கள் மெஷின்காரர்கள் ஆனார்கள், அவன் கோன் சுமந்துகொண்டே இருந்தான். ஒரு நாள் அந்த வேலையைக் கேட்டு எழுதிக் கொடுத்தான். மறு வாரம் இருந்த வேலையும் போயிற்று. சந்தா வாங்கும்போது 'சகோதரரே' என்று எழுதிய யூனியன், இதில் தலையிட முடியாது என்று கையை விரித்தது.

சாப்பாட்டு நேரத்தில் பஞ்சாபிக்காரர்கள் எல்லாரும் மில் வாசலில் கூட்டம் போட்டார்கள். பேச்சு முழுக்கப் பஞ்சாபியில். நம் ஊர்ச் சபைக் கூட்டத்தில் "ஆமோதிக்கிறவர்கள்" என்று சொல்லி முடிக்குமுன் கை தூக்கிப் பழகியவன் நான். எல்லாரும் தூக்கினார்கள், ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் தூக்கிவிட்டேன். கலைந்து போகும்போதுதான், எதற்குக் கை தூக்கினோம் என்று குர்தேவிடம் கேட்டேன்.

"ஸ்டிரைக், வே. நாளையிலிருந்து. எனக்காக" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் அவன் தோளில் சாய்ந்தபடியே, அந்த மாத வாடகைக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு வாரம் அவர்களோடு மில் வாசலில் மறியலில் நின்றேன். மூன்றாவது வாரம் போர்மேன் என் அறைக்கே வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீ படித்தவன், கிறிஸ்தவன். அவர்களைப் போல இல்லை, நீ எங்கள் ஆள். திங்கட்கிழமை வா, மெஷின் தருகிறேன்." சம்பளத்துக்காகப் போனேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எங்கள் ஆள் என்ற வார்த்தைக்காகத்தான் போனேன். அதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை காலை வாசலில் எல்லாரும் நின்றார்கள். பஞ்சாபி தெரியாவிட்டாலும் வசவு மட்டும் நன்றாகப் புரிந்தது. தரையில் பனி உறைந்து வழவழவென்று கிடந்தது. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தவன் சறுக்கிவிட்டேன். ஒரு கை என் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது. குர்தேவ். பாரம் தூக்கும்போதெல்லாம், மெதுவாக என்பதற்கு நான் சொல்லிச் சொல்லி அவனுக்கு ஒட்டிக்கொண்ட ஒரு நம் ஊர்ச் சொல் உண்டு. அதைத்தான் சொன்னான்.

"பைய, வே."

பிறகு கையை விட்டுவிட்டான். நான் உள்ளே போனேன்.

ஸ்டிரைக் ஜெயித்தது. நம் ஆட்களுக்கும் மெஷின் கொடுத்தார்கள். குர்தேவை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. அவன் வேறு ஊருக்குப் போய்விட்டான். நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

ஓய்வுபெற்று ஊர் திரும்புமுன் விலாசம் விசாரித்துப் போனேன். அவன் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள்தான் கதவைத் திறந்தாள். அந்த மில்லில் வேலை பார்த்தவன் என்றேன். "அப்பாவோடு வாசலில் நின்றவரா நீங்கள்?" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, தாத்தாவின் தோழர் என்று காட்டினாள். தேநீர் கொடுத்தாள், குடித்தேன்.

மில்லை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். போர்மேன் எப்போதோ போய்ச் சேர்ந்தார். வாசலில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், போன மாதத்தோடு கடைசி ஆளும் போய்விட்டார். அன்று உள்ளே போனவன் இவன்தான் என்று கைகாட்ட இனி ஒருவரும் இல்லை. அது நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.