பிரேக் அக்காவின் வலது கால்

"அப்புறம் டாக்டர் என் மூஞ்சியப் பாக்காம கம்ப்யூட்டரப் பாத்தாரு. இன்னும் எவ்வளவு நாள்னு கேக்கலாமான்னு வாயத் திறந்தேன்..." என்று பேக்கரிக்காரர் மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருக்கும்போது, எதிர் நாற்காலியில் இருக்கும் வலது கால் தரையை ஓங்கி அழுத்துகிறது. ரப்பர் செருப்பு கீச்சென்று கத்துகிறது.

"மெதுவா, மெதுவா. செகண்ட் கியருக்கு வாங்க. வளைவுல யாராவது இந்த வேகத்துல திரும்புவாங்களா?"

பேக்கரிக்காரர் நின்றுவிடுகிறார். நிற்காமல் என்ன செய்வார்? அந்தக் காலுக்குக் கட்டுப்பட்டு நின்றவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர் இருப்பார்கள். காலுக்குச் சொந்தக்காரர் பிரேக் அக்கா, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. கற்றுக்கொள்பவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடும்போது, நிறுத்துவது உண்மையில் இந்தக் கால்தான். பழக்கம் போகவில்லை. சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்த்தாலும் தரையை அழுத்துவாராம்.

நூலகத்தின் மாடி அறையில் வாரம் ஒருமுறை கூடுகிறோம். புற்றுநோய் வந்தவர்கள், வந்து போனவர்கள், போனதா இல்லையா என்று காத்திருப்பவர்கள். வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டும் மின்விசிறி, மூலையில் சொட்டும் தண்ணீர்க் கேன். அவரவர் கதையைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும், மனசு லேசாகும். ஏற்பாடு அவ்வளவுதான். நடத்துகிறவர் ஓர் ஆலோசகர், சின்னப் பெண். வந்ததும் வட்டத்தின் நடுவே டிஷ்யூ பெட்டியை வைப்பார். வைத்த கையோடு பிரேக் அக்கா அதை எடுத்து எங்கேயாவது ஒளித்துவைப்பார். "கண்ணுக்கு முன்னால இருந்தா, அழாதவனுக்கும் அழணும்போல இருக்கும். இல்லன்னா அவங்கவங்க மூக்கை உறிஞ்சிட்டுப் பேசிருவாங்க."

அக்கா என்னைவிட வயதில் சின்னவர். இருந்தும் எனக்கும் அக்காதான். நான் ஆயுள் காப்பீட்டு முகவர். முதல் நாள் என் தொழிலைச் சொன்னபோது அறையே குலுங்கிச் சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. சிரிப்பை ஆரம்பித்துவைத்தவர் இவர்தான் என்பதை நான் இன்னும் மறக்கவில்லை. அதைவிட எரிச்சல், அந்தக் கால். எனக்குக் குடலில் வந்தது. என் கதையில் கண்ணீருக்கும் திகிலுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் நான் எனிமாவுக்கு வரும்போதெல்லாம் செருப்பு கீச்சிட்டுவிடும். "அண்ணே, அது குறுகலான ரோடு. வேற பக்கமா வாங்க." என் கதை இன்றுவரை எனிமாவைத் தாண்டவில்லை.

ஆள் குள்ளம், உருண்டை. தலைமேல் எப்போதும் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதைக் கண்ணில் போட்டு யாரும் பார்த்ததில்லை. சிகிச்சையில் கொட்டிய முடி திரும்ப வந்துவிட்டது, ஆனால் சுருட்டையாக. "போனது நேர் முடி, வந்தது சுருட்டை. மாத்திக் குடுத்துட்டாங்க. எந்தக் கடையில போய் சண்டை போடறது?" என்பார். மார்பில் அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை அடிக்கடி வீங்கிக்கொள்கிறது. அதற்கு இறுக்கமான ஓர் உறை மாட்டியிருக்கிறார். ஸ்டீயரிங்கை அதிக நேரம் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "நான் எங்க புடிக்கிறேன்? புடிக்கிறதுக்குத்தான் ஆளு வச்சிருக்கேனே" என்பது பதில்.

அந்த ஆட்கள் யார் என்பதுதான் அவருடைய பிரசித்தி பெற்ற கதை. ஊசி மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களையெல்லாம் வகுப்பு நாட்களாக மாற்றிவிட்டார். கற்றுக்கொள்பவர் ஓட்டுவார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். "ஆஸ்பத்திரி ரூட்டு மாதிரி அமையுமா சொல்லுங்க? ஏத்தம் இருக்கு, ரவுண்டானா இருக்கு, கடைசில அந்தப் பார்க்கிங் இருக்கு பாருங்க, அதுல வண்டிய விட்டவன் எங்க வேணாலும் விடுவான்." மருந்து ஏறி முடிந்ததும் அடுத்தவர் வந்து திருப்பி ஓட்டிக்கொண்டு போவார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒருவர் ஆம்புலன்ஸ் வழியை அடைத்துக்கொண்டு நின்றது, வாந்தி வந்த அக்கா ஜன்னலை இறக்கச் சொல்ல அவர் பதறிப்போய் ஹாரனை அடித்தது, காவலாளி ஓடிவந்து இரண்டு பேரில் யார் நோயாளி என்று கேட்டது... இதை அவர் சொன்னால் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். பேக்கரிக்காரருக்குப் பாதி வயிறுதான் பாக்கி, அவரும் பிடித்துக்கொள்வார்.

புதிதாக வந்த நர்சரி டீச்சர் ஒரு நாள் வாந்தியைப் பற்றிக் கேட்டுக் கண்கலங்கியபோது அக்கா மிகவும் மெனக்கெட்டு விளக்கினார். "பிளாஸ்டிக் பை ரெண்டு வச்சுக்கம்மா. ஒண்ணு ஓட்டையா இருக்கும். நீ அவசரத்துல முதல்ல எடுக்கிறதுதான் அந்த ஓட்டைப் பை." டீச்சர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார்.

இதில் ஒரு விஷயம் எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. அக்கா தன் கதை என்று சொல்வதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிப் பயணங்கள்தான். நோய் என்று தெரிந்த நாள், ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி, எதுவும் கிடையாது. ஆலோசகர் பெண் கேட்டால், "எனக்கென்னம்மா, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். டீச்சர் பேசட்டும்" என்று வண்டியை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுவார்.

வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், வாயே திறக்காதவர். கார் சொல்லிக்கொடுப்பவரின் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் கற்க உட்கார்ந்தாராம். "தெருமுனை வர்றதுக்குள்ள எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு போச்சு" என்கிறார் அக்கா. "குடும்பமா, கிளட்ச்சான்னு யோசிச்சேன். குடும்பம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்." அன்றிலிருந்து அவர் பின் சீட்டு. எங்கள் கூட்டம் முடியும்வரை கீழே காரின் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், மந்திரி மாதிரி. டீ வரும் நேரத்துக்கு மட்டும் மாடியேறி வந்து, ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

போன வாரம் அக்காவுக்கு ஸ்கேன் முடிவு வர வேண்டிய நாள். முதுகில் புதிதாக ஒரு வலி. திரும்ப வந்துவிட்டதா என்று பார்க்க எடுத்த ஸ்கேன். கூட்டம் முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் டீ இறங்கவில்லை, அவருக்கு மட்டும் இறங்கியது.

"இன்னிக்கு ஓட்ட வேண்டிய பொண்ணு வரல. காய்ச்சலாம். பரவால்ல, நானே ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். வீங்கிய கையை மடியில் வைத்து மறு கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தக் கையோடவா? கூட யாராவது வரட்டுமே" என்றார் ஆலோசகர் பெண்.

"கூடத்தான் இவரு இருக்காரே, பின் சீட்டுல."

பிஸ்கட்டுக்காக வந்திருந்த வீட்டுக்காரர் அன்றைக்கு இறங்கிப் போகவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து வட்டத்துக்குள் போட்டார். உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நானும் ஒண்ணு பகிர்ந்துக்கலாமா?" என்றார்.

மின்விசிறி 'டக்' என்றது. அக்காவின் கால் தரையில் போய் அழுந்தியது. முகத்தில் ரத்தமே இல்லை. "ஏங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? எங்க வலிக்குது? ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஓர் அட்டையை எடுத்தார். "லைசென்ஸ்" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. முதலில் புரிந்தது அக்காவுக்குத்தான். போன ரத்தம் மொத்தமாகத் திரும்பி வந்தது. "யாரு சொல்லிக் குடுத்தா?"

"பச்சை போர்டுக்காரரு."

பச்சை போர்டு என்பது அடுத்த தெருவில் இருக்கும் போட்டிப் பள்ளி. அந்தப் பெயரை வீட்டில் உச்சரிப்பதே இல்லையாம்.

"அவன்கிட்டயா! கை சிக்னல் காட்டச் சொன்னா காக்கா ஓட்டுறவன்கிட்டயா! அவன்கிட்ட படிச்சவன் எவனாவது நேரா வண்டிய நிறுத்தியிருக்கானா? டாக்டர் நடக்கச் சொன்னாருன்னு தினம் காலைல கிளம்பிப் போனீங்களே!"

"நடந்துதான் போனேன். பச்சை போர்டு வரைக்கும்."

பேக்கரிக்காரர் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் சிரித்தார். நான் வெளிப்படையாகவே சிரித்தேன். எனக்குப் பழைய பாக்கி ஒன்று இருந்தது. அக்கா எழுந்து நின்று, மானம் போச்சு, ஊரே சிரிக்கும், போர்டைக் கழட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்று வேகம் பிடித்துக்கொண்டிருந்தார். நோய் வந்ததற்குக்கூட அவர் இந்த ஆத்திரத்தைக் காட்டியிருக்க மாட்டார்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "நீ மருந்து ஏத்திட்டு வர்றப்போ ஓட்டுறது யாரோ. நீ வாந்திய அடக்கிக்கிட்டு கிளட்ச், கிளட்ச்னு கத்திக்கிட்டே வருவ. நான் பின்னால பையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். ஊருக்கெல்லாம் அது சிரிப்பா இருக்கு. எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வரல, மா. உன்கிட்ட கத்துக்கலாம்னு பாத்தா, நீ எனக்கும் பிரேக் போடுவ. ஒரே ஒரு நாளாவது நீ சும்மா உக்காந்து வரணும்."

அக்கா மறுபடியும் வாயைத் திறந்தார். "சும்மா உக்காந்து வந்தா யாரு ரோடப் பாக்கறது, நீங்க லெப்ட்ல வர்றவனப் பாப்பீங்களா, அன்னிக்கு நம்ம தெருவுலயே..." என்று அவர் கிளம்பியபோது, எங்கிருந்தோ ஒரு செருப்பு கீச்சிட்டது. பேக்கரிக்காரரின் வலது கால்.

"அக்கா, மெதுவா" என்றார் பேக்கரிக்காரர். "வளைவு."

அக்கா நின்றார். நின்று, உட்கார்ந்தார். உறை மாட்டிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், இத்தனை மாதத்தில் முதல்முறையாக, தன் கதையைச் சொன்னார். அது ரொம்பச் சின்னக் கதை.

"எனக்குப் பயமா இருக்கு. முதல் நாள்லேருந்தே பயமாத்தான் இருக்கு. பக்கத்துல ஓட்டத் தெரியாதவன் ஒருத்தன் உக்காந்திருந்தா, அவன் இடிச்சுருவானோன்னே ரோடப் பாத்துக்கிட்டுப் போயிடலாம். என்னப் பாக்க வேண்டியதில்ல. இன்னிக்கு அந்தப் பொண்ணும் வரலன்னதும், பாக்கறதுக்கு நான் மட்டும்தான் மிச்சம்."

அழுதார். ஆலோசகர் பெண் டிஷ்யூ பெட்டியைத் தேடினார். டீச்சர் தேடினார். எல்லோரும் நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடினோம். எங்கே ஒளித்துவைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. கடைசியில் வீட்டுக்காரர் லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துக் கொடுத்தார். அதில் மூக்கைச் சிந்திவிட்டு, "இதுக்கும் பச்சை போர்டுக்கும் சம்பந்தமில்ல. அத வீட்ல பேசிக்கலாம்" என்றார்.

நாங்கள் எல்லோருமே கீழே இறங்கி வந்தோம். வழியனுப்ப என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காற்று வாங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அக்கா பழக்கத்தில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் ஏறினார். அங்கே காலடியில் அவருடைய பிரேக் காத்திருந்தது.

வீட்டுக்காரர் உட்கார்ந்து, சீட்டை முன்னால் தள்ளி, லென்ஸ் தேய்க்க வந்தவர்போல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சரிசெய்தார். சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுபோனது. "கிளட்..." என்று ஆரம்பித்த அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது முறை வண்டி கிளம்பியது. திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுகிறேன் என்று அவர் வேறு எதையோ தட்டிவிட்டார் போலிருக்கிறது. சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பர் இரண்டும் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று துடைக்க ஆரம்பித்தன. அக்கா அதைப் பார்த்தார். திறந்திருந்த ஜன்னல் வழியாக எங்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.