இன்ஷிராஹுக்குக் காற்று பிரியவில்லை

வயிற்றை அறுத்துத் தைத்தவர்களிடம் நர்சுகள் நாங்கள் காலையில் கேட்கும் முதல் கேள்வி, "காற்று பிரிஞ்சுதா?" என்பதுதான். குடல் மறுபடி வேலைக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு அதுதான் நல்ல சாட்சி. பிரிந்தால் மூக்குக் குழாயை எடுப்போம். தண்ணீர் கொடுப்போம், பிறகு கோழி சூப், பிறகு வீடு. தமன்ஹூர் ஆஸ்பத்திரியில் எங்கள் பெண்கள் வார்டில் யாருக்காவது பிரிந்துவிட்டால் மற்றக் கட்டில்காரிகள் கல்யாண வீடு மாதிரி குலவை போடுவார்கள். வெட்கமாவது ஒன்றாவது!

குலவையில் இன்ஷிராஹ்தான் முதல் ஆள். மூக்கில் குழாய் தொங்க, காய்ந்த உதட்டை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே ஊருக்கெல்லாம் குலவை போட்டாள். அவளுக்கு மட்டும் பிரியவில்லை.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, வகுப்பறை பெருக்கி ஓய்வுபெற்றவள். பஸ் ஓட்டிய கணவர் ஷுக்ரி போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளை இல்லை. முன்பு கர்ப்பப்பையை எடுத்த இடத்தில் குடல் ஒட்டிக்கொண்டு, முறுக்கி, அடைத்துவிட்டது. பச்சையாக வாந்தி எடுத்தபடி தானே டுக்டுக் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். அன்றே வயிற்றைத் திறந்து சரிசெய்தார்கள். எங்கள் ஊரில் நோயாளி என்றால் பின்னால் ஒரு கூட்டமே வரும். துணைக்கு ஒருத்தி கட்டிலடியிலேயே பாய் விரித்துவிடுவாள். இவள் கட்டிலடியில் இவள் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

டாக்டர் ஹாஸிம் அன்றும் அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயசான பெண்களை மரியாதையாக ஹாஜ்ஜா என்றுதான் கூப்பிடுவார்.

"இன்னைக்காவது பிரிஞ்சுதா ஹாஜ்ஜா?"

"இல்ல டாக்டர்."

"கொஞ்சம்கூட?"

"நான் என்ன பொய்யா சொல்லப் போறேன்?"

பக்கத்துக் கட்டில் நபவிய்யா சும்மா இருப்பாளா? "டாக்டர், வேணும்னா எங்க வீட்டுக்காரர்கிட்ட கடன் வாங்கித் தரேன். மனுஷன் பக்கத்துல படுக்க முடியல!"

வார்டே சிரித்தது. இன்ஷிராஹ் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெளியே வந்ததும் டாக்டர் என்னைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். "வயிறு மெத்துனு இருக்கு அவாதிஃப். குழாய்லயும் ஒண்ணும் வரல. ஆனா பிரியலைங்கறாங்க. நாளைக்கு ஸ்கேன் எடுப்போம். மறுபடி திறக்க வேண்டியிருந்தா, ஏற்கெனவே பலவீனமான அந்த இதயம் தாங்குமான்னுதான் பயமா இருக்கு."

எனக்கு இது சரியாகப் படவில்லை. திரையை இழுத்துவிட்டு அவள் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். உள்ளே காப்பிக்கடை மாதிரி ஒரே இரைச்சல். முதுகு துடைக்க அவளைப் புரட்டினேன். அப்போதுதான் அது நடந்தது. நீளமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

அவள் சுவரைப் பார்த்தாள்.

"பெரியம்மா, எப்பலருந்து?"

போர்வை நுனியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பலருந்துன்னு கேக்கறேன்!"

"திங்கக்கிழமைலருந்தே. மூணு நாளாச்சு."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அறிவிருக்கா உங்களுக்கு? சோறு இல்ல, தண்ணி இல்ல, இந்தக் குழாயை வேற மாட்டிக்கிட்டு! மறுபடி கத்தி வைக்கலாமான்னு பேசிட்டிருக்காங்க, தெரியுமா?"

"வைக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்ல?"

அவளே மெதுவாகச் சொன்னாள்.

"எங்க கட்டடத்து மாடிப்படில எல்லா வீட்டுக் கதவும் பூட்டிக் கிடக்குது. இங்க முழிச்சதும் நபவிய்யா 'தூங்கினியாடி'ன்னு கேக்கறா. நீ திட்டறே. டாக்டர் வயித்தைத் தொட்டுப் பாக்கறாரு. வீட்டுல என்னை யாரு மகளே தொடறா? சொல்லிடாதே."

யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் எனக்குள் பொங்கியது. இத்தனை வருஷத்தில் வீட்டுக்குப் போகத் துடிக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பட்டினி கிடந்தாவது இங்கேயே இருக்க நினைத்தவளைப் பார்த்ததில்லை.

சொல்லாமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் போய், இப்போதுதான் பிரிந்தது என்று மட்டும் சொன்னேன்.

குழாயை எடுத்தோம். நபவிய்யா ஆரம்பிக்க, வார்டு மொத்தமும் குலவை போட்டது. வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் போட்டதில்லை. இன்ஷிராஹ் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். சூப்பைக் குடிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிளம்புகிற அன்று டாக்டர் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னார். "வாந்தி வந்தாலோ, வயிறு உப்பினாலோ வீட்டுல இருக்கறவங்ககிட்ட உடனே சொல்லிடணும் ஹாஜ்ஜா. தாமதிக்கக் கூடாது."

"சொல்லிடறேன் டாக்டர்," என்றாள் சமர்த்தாக.

வாசல்வரை நான்தான் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். டுக்டுக்கில் ஏற்றிவிட்டு, "எதுவா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க. ராத்திரி பகல் பாக்காதீங்க," என்றேன்.

"பண்ணாம இருப்பேனா?" என்று என் நெற்றியில் முத்தமிட்டாள்.

வண்டி ரொட்டிக்கடை முனையில் திரும்பிய பிறகுதான் உறைத்தது. அவள் என் நம்பரைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.