இரண்டு சேவல், ஒரு முற்றம்

நேற்று புதுக்கோட்டையில் நண்பன் ஒருவன் தன் கோழிக் கொட்டகையைக் காட்டினான். அலகு நுனி வெட்டிய வெள்ளைச் சேவல்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. "ஒண்ணையொண்ணு கொத்தாது, பாத்தியா" என்றான், ஏதோ அவனே சமாதானம் பேசி முடித்தவன்போல. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. ஈரத் தவிட்டு வாடை மட்டும் என்னை நேரே எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் முற்றத்துக்கு இரண்டு வாசல். ஒன்றில் அம்மா, மற்றதில் அப்பாவின் இரண்டாம் தாரமான சின்னம்மா. அப்பா பினாங்கில். யுத்தத்தில் நின்ற கடிதம், யுத்தம் முடிந்தும் வரவில்லை. அவர் திரும்பினால் கருப்பருக்குச் சேவல் என்று அம்மா ஒரு குஞ்சை நேர்ந்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரியாமல் சின்னம்மாவும் அதையே செய்திருந்தாள். அம்மாவுடையது சிவப்பு, சின்னம்மாவுடையது கறுப்பு.

நேர்ந்த சேவலுக்குக் காயம் கூடாது. கொண்டை கிழிந்தாலே சாமிக்கு ஆகாது. இதுகளோ, வளர்ந்ததும், கண்ணில் பட்டால் கழுத்தைச் சிலிர்த்துப் பாயும். ஆகவே முறை வைத்தார்கள். காலையில் சிவப்பு மேயும்; கறுப்பு கவிழ்த்த பஞ்சாரக் கூடைக்குள், வெளியே பார்க்க முடியாதபடி மேலே சாக்கு. உச்சிக்கு மேல் மாற்றம்.

"மூடிட்டேன்டி, தெறந்துவிடு."

"சரிக்கா."

நாள் முழுக்க அவர்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தால் உலகத்தையே தீர்த்துவைக்கும் வாய். "சமஸ்தானமே சேந்துருச்சு, இந்த ரெண்டும் சேராதா? ஒரு நாள் அடிச்சுக்கட்டும், சரியாயிரும்" என்றேன்.

"ஒரு கண்ணு போச்சுன்னா ஒங்கப்பா வர்றது யாரு பொறுப்பு? போடா அங்கிட்டு" என்றாள் அம்மா.

"காலேசுல சேவலுக்கும் பாடம் இருக்காக்கா?" என்றாள் சின்னம்மா. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். என் படிப்பு அந்த வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம்.

ஒரு நாள் காலை, கப்பலில் திரும்பிய அறந்தாங்கிக்காரர் ஒருவர் வந்து தயங்கி நின்றார். "சண்டைக் காலத்துலயே காய்ச்சல்ல போயிட்டாருங்க. நாங்கதான் அடக்கம் பண்ணுனோம்."

சேவல்களை நேர்ந்துவிட்டபோதே அப்பா இல்லை.

அழ வந்த கூட்டத்தில் யார் காலோ பட்டுப் பஞ்சாரம் உருண்டது. கறுப்பு பாய்ந்தது. முற்றமெல்லாம் இறகு.

"விடுங்கக்கா. இனிமே காயம் பட்டா என்ன?" என்றாள் சின்னம்மா, தரையில் கிடந்தபடியே.

அம்மா எழுந்து குடத்துத் தண்ணீரை இரண்டின் மேலும் கொட்டினாள். கறுப்பைத் தூக்கிச் சின்னம்மா மடியில் வைத்தாள். "நீ ஒன்னோடத பிடி."

வேண்டுதல் போயும் முறை மாறவில்லை. ஒரு கீறல் படாமல் வருஷக்கணக்கில் வளர்த்தார்கள். நான் வேலைக்குப் போய், பொங்கலுக்கு வந்திருந்த ஒரு காலையில் கறுப்பு கிழடாகிச் செத்துக் கிடந்தது. சின்னம்மா அதை முருங்கையடியில் புதைத்தாள். மதியம் அம்மா வழக்கம்போல் சிவப்பைப் பிடித்து மூடி, சாக்கும் போட்டாள்.

"மூடிட்டேன்டி, தெறந்துவிடு."

சின்னம்மா வாசலுக்கு வந்தாள்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, காலிப் பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

அம்மா போய், சின்னம்மாவும் போய், வீடும் கைமாறிவிட்டது. நேற்று அந்தக் கொட்டகையில், சேவல் மாற்றும் அந்த உச்சிவெயில் வரும்வரை நின்றிருந்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.