வெயிலில் நின்று அளந்த வேகம்

போன வாரம் காலையில் பால் வாங்கக் கீழே இறங்கினேன். துவாரகாவில் எங்கள் சொசைட்டி வாசலில் நாலு பேர் ரோட்டில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், ஓர் ஆள் கை காலை நீட்டிப் படுக்கும் அளவுக்கு வெள்ளையில் ஒரு முப்பது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி அடுப்பில் அந்த வெள்ளைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இனி இந்த ரோட்டில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாதாம். குடியிருப்போர் சங்கம் இரண்டு வருடமாகக் கொடுத்த மனு ஒருவழியாகப் பாஸாகிவிட்டது என்று செயலாளர் போவோர் வருவோருக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழம்பின் வாசனை இருக்கிறதே, கருகிய மெழுகும் பிளாஸ்டிக்கும் கலந்தது, அது எனக்குப் பழக்கமானது. தில்லிக்கு வந்த புதிதில் அந்த வாசனைக்குள்தான் வேலை பார்த்தேன். ரோடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. தில்லியில் தார் ஒருவருடையது, நடைபாதை இன்னொருவருடையது, விளக்குக்கம்பம் மூன்றாமவருடையது. எதையாவது கேட்டுப் போனால் மூவரும் சேர்ந்து நான்காமவரைக் கைகாட்டுவார்கள். நான் அங்கே சர்வே உதவியாளன். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு அட்டை, காதில் ஒரு பேனா. ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் என்ஜினியர் என்று போட்டுக்கொள்வேன்.

முதல் குளிர்காலத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. லால்குடிக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழியில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொள்வது. தில்லிக் குளிர் வேறு ஜாதி. பட்ரி பஜாரில், நடைபாதைக் கடைகளுக்கு அங்கே அதுதான் பெயர், பழைய துணி மலையாகக் குவித்திருப்பார்கள். அதில் தேடி ஒரு காக்கி ஓவர்கோட்டு எடுத்தேன். முட்டிக்குக் கீழே வரும், நாப்தலின் நாறும், தோளில் பித்தளைப் பொத்தான் இருந்த இடத்தில் ஓட்டை. முன்னால் யார் போட்டிருந்தாரோ. அதைப் போட்டுக்கொண்டு, மங்கி கேப்பையும் இழுத்து மாட்டினால், கண்ணாடியில் எனக்கே சல்யூட் அடிக்கத் தோன்றும். ஆபீஸில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், குளிரவில்லையே என்றிருந்தேன்.

அந்தக் கோட்டை அவிழ்த்து ஒழுங்காக ஆணியில் மாட்டும் ஒரே வீடு ஸ்டெல்லா அக்கா வீடு. லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நாசரேத் பக்கத்துக்காரர்கள். அக்கா ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவில் நர்ஸ். அவர் கணவர் ஜெபராஜ் அண்ணன் மத்திய சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா, சைக்கிளில் போய் சைக்கிளில் வருபவர். மணி அடிக்கக்கூட யோசிக்கும் மனுஷர். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வரும்போது தமிழ் பேசும் ஒண்டிக்கட்டை யாராவது ரோட்டில் தென்பட்டால் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்படிச் சிக்கியவன் நான். கருவாட்டுக் குழம்பு வைத்தால் மேல்வீட்டு பஞ்சாபிக்காரம்மா ஜன்னலை அறைந்து சாத்துவார். அதைக் கேட்டால்தான் அண்ணனுக்குப் பசிக்கும். எட்டு வயது ஜாஸ்மின், "மம்மி, அங்கிளுக்கு அவுர் ஏக் அப்பளம்" என்று இன்னும் ஓர் அப்பளத்துக்கு எனக்காகச் சிபாரிசு செய்வாள்.

அந்தக் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் ஒரு வளைவான ரோடு. இந்தப் பக்கம் வீடுகள், எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப், நடுத்திட்டில் ஓர் இடைவெளி. வளைவைத் தாண்டி வரும் கார் தெரிவதற்குள் அது வந்துவிடும். அங்கே அடிபட்டவர் ஒருவரையாவது வாரந்தோறும் அக்கா தன் ஆஸ்பத்திரியில் பார்த்தார். ஐம்பது என்றிருந்த வேகத்தை முப்பதாகக் குறைக்கச் சொல்லி மனு எழுதியது அவர்தான். அண்ணன் டைப் அடித்தார். குவார்ட்டர்ஸ் முழுக்க ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினார்கள்.

"தம்பி, ஒங்க ஆபீஸுக்குத்தான அனுப்பியிருக்கு. பாத்துக்கிடுங்க."

"என் மேஜைக்குத்தான்க்கா வரும்" என்றேன். பெரிய அதிகாரி மாதிரி. என் மேஜை என்பது மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு ஸ்டூல்.

மனு வந்தால் முதல் காரியம் வேகத்தை அளப்பது. ரோட்டில் இரண்டு சாக்பீஸ் கோடு போட வேண்டும். வண்டி முதல் கோட்டைத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அமுக்கி இரண்டாவதைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். இப்படி இருநூறு வண்டி. நூற்றுக்கு எண்பத்தைந்து வண்டி எந்த வேகத்துக்குள் போகிறதோ அதுதான் அந்த ரோட்டின் வேகம். அதை வைத்துத்தான் கமிட்டி முடிவு செய்யும். இதில் ஒரே ஒரு விதி, அளப்பவன் கண்ணில் படக் கூடாது. எங்கள் ஜூனியர் என்ஜினியர் யாதவ்ஜி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேட் கே பீச்சே ரெஹ்னா. இஸ் கோட் மே தோ பில்குல் மத்." மரத்துக்குப் பின்னால் நில், இந்தக் கோட்டோடு மட்டும் போகாதே. சொல்லிவிட்டு அவர் ஏதோ கல்யாணத்துக்கு மீரட் போய்விட்டார்.

நான் கோட்டோடு போனேன். ஜனவரி மாதம் காலை ஏழு மணிக்குக் கோட்டில்லாமல் போக நான் என்ன பீமனா. ஆனால் மரத்துக்குப் பின்னால்தான் நின்றேன். அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இருபது வண்டி வரைக்கும் உண்மையான வேகம் கிடைத்தது. அறுபது, அறுபத்தைந்து, சில எழுபது. விரல் மரத்துப்போய் ஸ்டாப்வாட்ச் இரண்டு தடவை கீழே விழுந்தது.

அப்போது அக்கா டியூட்டிக்குக் கிளம்பி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தன் மனு நடக்கிறதே என்ற சந்தோஷம். பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"என்ன தம்பி, இப்படி நடுங்குதிய. நெழல்ல நின்னா சளி பிடிச்சிரும்லா. அந்தா வெயிலடிக்கு பாருங்க, அங்க போயி நில்லுங்க."

அவர் காட்டிய இடம் நடுத்திட்டு. பனியைக் கிழித்துக்கொண்டு வெயில் அங்கே மட்டும் ஒரு பாய் அளவுக்கு விழுந்திருந்தது. போய் நின்றேன். முதுகில் சூடு ஏறியபோது உலகமே நல்லதாகத் தெரிந்தது. அக்கா பஸ் ஏறும்போது கையாட்டினார்.

அதற்குப் பிறகு வந்த வண்டியெல்லாம் பவ்யமாக வந்தது. ஒருவன் என்னைப் பார்த்ததும் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினான். ஸ்கூட்டர்காரன் ஒருவன் மடியிலிருந்த ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் வைத்தான். தரையில் சாக்பீஸ் கோடு, நடுவில் காக்கிக்கோட்டு, கையில் அட்டை. போலீஸ் என்று நினைக்காதவன்தான் முட்டாள். எனக்குப் புரியாமல் இல்லை. இதை எழுதும்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாற்பதாவது வண்டியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் வெயில் சுகமாக இருந்தது. அதோடு என் மரமண்டை ஒரு கணக்கும் போட்டது. ஏற்கெனவே மெதுவாகப் போகிற ரோடு என்றால் முப்பது போர்டு வைக்க யாரும் மறுக்க மாட்டார்கள், அக்கா காரியம் சுலபமாக முடியும். இப்படித்தான் நினைத்தேன். படிவத்தில் 'அளப்பவர் நின்ற இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'மரத்தின் பின்புறம்' என்று எழுதினேன்.

கமிட்டி கூடிய அன்று, குறிப்பெடுக்க என்னையும் மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். சமோசா வந்தது. எங்கள் ரோட்டின் முறை வந்தபோது தலைவர் தாளைப் பார்த்தார். முப்பத்தெட்டு. "இது தானாகவே மெதுவாகப் போகிற ரோடு, இதற்கு எதற்குப் போர்டு" என்றார் இந்தியில். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த விஷயம் ஒரு சாக்கடை மூடி. அவ்வளவு நேரம்தான் ஆனது. எழுந்து நின்று, சாஹிப், நான் தப்பாக அளந்துவிட்டேன் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். வேலை ஒன்றும் போயிருக்காது. மறுபடி ஒரு நாள் குளிரில் நிற்கச் சொல்லியிருப்பார்கள். நான் 'போர்டு தேவையில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை, ஆபீஸுக்குக் கிளம்பிய ஜெபராஜ் அண்ணனை அந்த இடைவெளியில் ஒரு கார் அடித்தது. அக்கா அன்று காலை டியூட்டி. அண்ணனை அவருடைய பிரிவுக்கே கொண்டுவந்தார்கள். வெள்ளைத் துணியை விலக்கிப் பார்க்கும் வரை அக்காவுக்கு அது யாரென்று தெரியாது.

மறுநாள் அந்த இடத்துக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. வேறு காரணம் எதுவாவது இருக்க வேண்டும் என்று தேடித்தான் போயிருப்பேன். பஸ் ஸ்டாப்பில் சோளம் சுட்டு விற்கும் கிழவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பாபுஜி சைக்கிளை விட்டு இறங்கி நின்றார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் தள்ளிக்கொண்டு வந்தார் என்றார். "காடி தோ மோட் ஸே ஹவா கீ தரஹ் ஆயீ, பையா." வளைவிலிருந்து கார் காற்று மாதிரி வந்ததாம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று கிழவர் இரண்டு தடவை சொன்னார்.

மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் போனேன். வீடு நிறையச் செருப்பு. அக்கா அழுது ஓய்ந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தம்பி, நீங்கதான அளந்திய. அந்த ரோட்டுல வண்டி நெசமாவே மெதுவாத்தான் போச்சா?"

சொல்ல நினைத்தேன். சத்தியமாகச் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் சொன்னால் மரத்தில் தொடங்க வேண்டும், பிறகு டீ, பிறகு அவர் கைகாட்டிய அந்த வெயில். அதை எப்படிச் சொல்வது. புருஷனைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவரிடம், நீங்கள் சொல்லித்தான் அங்கே நின்றேன் என்றா. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். நான் பயந்தேன்.

"ஆமாக்கா. மெதுவாத்தான் போச்சு."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "அப்ப இவியதான் பாக்காம போயிருக்காவ. எத்தன வாட்டி சொல்லியிருப்பேன், பாத்துப் போங்க, பாத்துப் போங்கன்னு." அதுவரை அழுகையாக இருந்தது, அந்த நிமிஷம் கோபமாக மாறியது. செத்தவர் மேல் கோபம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன். அந்த வேலையையும் விட்டுவிட்டு ஒரு தனியார் கம்பெனிக்குப் போனேன். கோட்டை என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை. அக்கா ஓய்வு பெற்று நாசரேத் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். அந்தக் குவார்ட்டர்ஸை இடித்து மாடி மாடியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாப்பை எங்கோ தள்ளிப் போட்டுவிட்டார்கள். நடுத்திட்டில் ஆள் உயரத்துக்குக் கம்பி வேலி. அங்கேயும் இப்போது ஒரு முப்பது போர்டு இருக்கிறது. அங்கே ரோட்டைக் கடக்க இனி யாரும் இல்லை. யாதவ்ஜி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தார். சோளக்கிழவரைப் பற்றி விசாரிக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. பழைய தாள்களை மூட்டை கட்டிக் காகிதக்கூழுக்கு அனுப்பிவிட்டதாக ஆபீஸில் சொன்னார்கள்.

லட்டோடு வீட்டுக்கு வந்து, ஜாஸ்மின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். குருகிராமில் ஏதோ ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். அக்கா நம்பர் வாங்க வேண்டும், இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன்.

"அங்கிள், மம்மி போயி டூ இயர்ஸ் ஆச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

அவளே பேசினாள். கடைசி வரைக்கும் மம்மிக்கு அப்பா மேல் கோபம் தீரவில்லையாம். ஒரு நிமிஷம் நின்று பார்த்திருக்கலாமே என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். "நானும் என் பையன்கிட்ட டெய்லி அதத்தான் சொல்றேன் அங்கிள். பாத்து க்ராஸ் பண்ணு, தாத்தா மாதிரி கேர்லெஸ்ஸா போகாதன்னு."

"இல்லம்மா" என்றேன். "அப்பா பாத்துத்தான் போனாரு."

"நீங்க ரொம்ப நல்லவங்க அங்கிள்" என்றாள். "மம்மியும் அப்டித்தான் சொல்வாங்க." மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஜெபராஜ் அண்ணன் சைக்கிளை விட்டு இறங்கினார், நின்றார், இரண்டு பக்கமும் பார்த்தார். இது தெரிந்தவன் இந்த ஊரில் இப்போது நான் ஒருவன்தான்.