பால் தெரிந்த ஸ்லைடு

செல் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறவர்களுக்கு நோயாளியின் முகம் தெரியவே கூடாது. தெரிந்தால் அதுவும் மைக்ராஸ்கோப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கையில் சாயக்கறை போகாத என் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

யாருடைய பால்?

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் வேலை பார்த்த பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு விவேக் நகரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் வந்தார். நாற்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, மார்பில் கோலிக்குண்டு அளவு கட்டி. எங்கள் டாக்டரம்மா ஊசியால் உறிஞ்சித் தந்ததை ஸ்லைடில் தேய்த்துச் சாயம் ஏற்றினேன்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்த டாக்டரம்மா நெடுநேரம் நிமிரவில்லை. செல்லுக்குள் குமிழி குமிழியாக, பால் கொடுக்கிற தாய்க்கு இருப்பது போலவே இருந்தது. அன்று காலை கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கும் இதே போல ஊசி குத்தி எடுத்திருந்தோம். டாக்டரம்மா மெதுவாகத்தான் கேட்டார்: "எஸ்தர், ஸ்லைடை மாத்திட்டியா?"

முன்கூட்டிக் கீறிய எண்

காகித லேபிள் சாயத்தில் உரிந்துவிடும் என்று வைர முனைப் பென்சிலால் கண்ணாடியிலேயே எண்ணைக் கீறுவோம். ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கீற வேண்டும். நானோ, கூட்டத்துக்குப் பயந்து காலையிலேயே வரிசையாகக் கீறி அடுக்கிவிட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன!

அந்தத் தாயின் ஸ்லைடை எடுத்துப் பார்த்தால் அதிலும் பால் செல்கள். அப்படியானால் இரண்டுமே அவளுடையதா? டீச்சருடையது எங்கே போயிற்று? கூட வேலை செய்யும் நாகராஜ் இரண்டையும் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். "அக்கா, ஒரு எலுமிச்சம்பழம் கட் பண்ணி மைக்ராஸ்கோப் பக்கத்துல வெச்சிடுங்க."

மறுபடியும் ஊசி

டீச்சரைத் திரும்ப வரவழைத்தோம். இந்தத் தடவை அவர் கண்ணெதிரே எண்ணைக் கீறினேன். மறுபடியும் அதே குமிழிகள்! நான் எதையும் மாற்றவில்லை என்று மனசு ஒரு கணம் துள்ளியது. அடுத்த கணமே வெட்கமாகப் போயிற்று. நான் தப்பித்தேன் என்றால் அவர் மாட்டிக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

ஊசி குத்திய இடத்துப் பஞ்சை எடுக்கப் போன என் கையை டீச்சர் பற்றிக்கொண்டார். "சிஸ்டர், ஒரு வருஷமா காலைல எழுந்தா நைட்டி ஈரமா இருக்குது. இத யார்கிட்டப் போய் சொல்றது?"

ஒட்டிக்கொண்ட இரண்டு

பால் போலச் சுரக்கும் அபூர்வமான புற்றுநோய் ஒன்று உண்டு என்று டாக்டரம்மா படித்திருந்தார். நேரில் பார்த்ததில்லை. கட்டியைச் சுற்றுச் சதையோடு அறுத்தெடுத்து, மெழுகில் பதித்த ஒரு துண்டை ஜீன் பரிசோதனைக்கு வெளியூர் அனுப்பினார்கள். பல வாரம் ஆயிற்று. கடைசியில் பதில் வந்தது. தனித்தனியே இருக்க வேண்டிய இரண்டு ஜீன்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அந்த நோயேதான்.

"கேன்சர்தான் டீச்சர். ஆனா மெதுவா வளர்ற வகை, வேற எங்கயும் பரவல. முழுசா எடுத்தாச்சு, செக்கப்புக்கு மட்டும் வந்துட்டே இருங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை முட்டியது. டீச்சர் அழவில்லை. கட்டுப்போட்ட இடத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்போ இத்தன நாளா அது யாருக்கு, டாக்டர், பால் வெச்சிட்டிருந்துச்சு?"

எங்கள் ரிப்போர்ட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு, அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை எவனும் கட்டம் போடவில்லை.