அண்ணையை வைத்த இஞ்சிச் சாடி

என் சொந்த அண்ணையை இஞ்சிச் சாடிக்குள் வைத்து, மூடியைப் பசை போட்டு ஒட்டியவன் நான். நாலு புத்தகம் படித்தவன் என்று பெயர் வேறு.

தகனம் முடிந்து அஸ்தியை ஊதா நிறப் பிளாஸ்டிக் போத்தலில் தந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "முப்பது வருஷம் ஷிப்ட் அடிச்ச மனிசன், புரோட்டீன் பவுடர் மாதிரிப் போறதோ?" என்று அண்ணியிடம் கேட்டேன். அழுது களைத்திருந்தவர், "உங்கட விருப்பம்" என்றார்.

என்னிடம் ஒரு சீனச் சாடி இருந்தது. லண்டன் ஸ்ட்ரெதத்தில் பழைய சாமான் கடையொன்றில் வாங்கியது. நீலம் முழுக்க உடைந்த பனிக்கட்டியின் விரிசல்கள். அவற்றின் மேல் வெள்ளைப் பிளம் பூக்கள். பனி உடைகிறது, வசந்தம் வருகிறது என்று பொருள். புத்தாண்டுக்கு இஞ்சி நிரப்பிக் கொடுப்பார்களாம். அடியில், அந்தக் காலத்துச் சக்கரவர்த்தியின் பெயர் எழுதும் இடத்தில், எழுத்தில்லை, இரண்டு நீல வளையங்கள் மட்டும். அந்தப் பெயர் உடைந்த ஓட்டோடு குப்பைக்குப் போகக்கூடாதென்று ஒரு காலத்தில் அப்படி வெறுமையாய் விட்டார்களாம். ஆகவே என் சாடி முந்நூறு வருஷப் பழசு என்று முடிவு கட்டியிருந்தேன். வேறு யாரும் கட்டவில்லை. இவ்வளவையும் அண்ணிக்கு விளக்கினேன், செத்த வீட்டில்.

மூடி லொடலொடவென்று ஆடியது. காரில் சிந்திவிடுமே என்று சுற்றிவரப் பசை போட்டேன்.

ஒரு கிழமை கழித்து தேம்ஸில் வாடகைப் படகு. ஐயர் மந்திரத்தை முடித்து, "திறவுங்கோ, பத்து நிமிஷத்தில ராகுகாலம்" என்றார். திருகினேன். நகத்தால் நெம்பினேன். வேட்டித் தலைப்பால் பிடித்து இழுத்தேன். மூடி அசையவில்லை. படகோட்டி ஒரு ஸ்பானரை நீட்டினான்.

வாங்கினேன். வாங்கியவன் அடிக்கவில்லை. இன்றைக்கும் என்னை அரிப்பது அதுதான். லண்டனுக்கு என்னைக் கூப்பிட்டு, தன் கட்டிலை எனக்குத் தந்து, தான் நிலத்தில் படுத்த மனிதர் உள்ளே இருக்கிறார். நான் அந்த இரண்டு வளையங்களை நினைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணி என் முகத்தைப் பார்த்தார். "என்ன தம்பி யோசிக்கிறியள்? அவரை வெளியில விடுங்கோ."

தாம்பாளத்தில் வைத்து அடித்தேன். வரைந்திருந்த விரிசல் ஒன்றிலும் அது உடையவில்லை; எல்லாம் வேறிடங்களில். அண்ணியே ஓடுகளுக்கிடையிலிருந்து சாம்பலை அள்ளி அள்ளி ஆற்றில் விட்டார். ஓடுகளை நான் பொறுக்கினேன். வளையம் போட்ட அடித்துண்டு முழுசாய்க் கிடந்தது. அதை மட்டும் பொக்கற்றுக்குள் போட்டேன். அதையும் அண்ணி பார்த்தார்.

காரில் திரும்பினோம். பாலம் தாண்டியதும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணி" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கமே பார்த்தபடி சொன்னார்: "அது போகட்டும். அவருக்கு இஞ்சி ஒத்துக்கொள்ளாது எண்டாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்."